கண்ணாடிக்காரனும் கழுத்துக் குழாயும்

பொம்மை முதல் தடவை செத்துப்போனபோது கண்ணாடிக்காரன் சிரித்துவிட்டான்.

சிரித்திருக்கக் கூடாது என்று அவனுக்கே உடனே உறைத்தது. குழந்தைகள் வார்டின் கோடியில் ஒரு சின்ன அறை. மேஜைமேல் ரப்பர் பொம்மை ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் தொண்டைக்குழியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் வளைந்த குழாய் ஒன்றைச் செருகி, கழுத்தைச் சுற்றி வெல்க்ரோ பட்டையை ஒட்டிவிட்டு, "அவ்வளவுதானே சிஸ்டர்?" என்று அவன் கைகளைத் தட்டிக்கொண்டான். எதிரே நின்ற நர்ஸ் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நர்ஸைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான், மறுபடி பொம்மையைப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"பொம்மை செத்துப்போச்சுண்ணா," என்றாள் நர்ஸ்.

குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போவதற்காக அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு இருக்கும். வார்டில் அதைக் கைடு என்பார்கள். குழாய் உள்ளே இறங்கிய மறுநொடி கைடை உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் குழாய் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். காற்றுக்கு வழி கிடையாது. கண்ணாடிக்காரன் உருவவில்லை. உருவ வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அதை அவனே வாயால் ஒப்பித்திருந்தான். நர்ஸ் தலைகூட ஆட்டியிருந்தாள்.

அதனால்தான் சிரிப்பு வந்தது. அவன் மனைவிக்கு வரவில்லை. அவள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கம்பித் தொட்டிலில் உட்கார்ந்து தன் சாக்ஸைத் தானே கழற்றி வாயில் வைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் இவன் சிரிப்பு பாதியிலேயே செத்தது.

மகளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். மூச்சுக்குழல் குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் திறந்திருக்கிறது, வளர வளர ஆபரேஷன் செய்யலாம், அதுவரை கழுத்தில் குழாய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். காற்று கழுத்து வழியாகவே போய் வருவதால் குரல்வளைக்குக் காற்று வராது. பட்டாணி அழுவாள், முகம் சிவக்கும், வாய் கோணும், கண்ணீர் கொட்டும், சத்தம் மட்டும் வராது. மற்ற வீடுகளில் அம்மா சமையலறையில் இருந்துகொண்டே காதால் பிள்ளையைக் காவல் காப்பாள். இவர்களுக்குக் கண் மட்டும்தான். கண்ணை எடுத்த நேரத்தில் குழாய் வெளியே வந்துவிட்டால், அல்லது சளி வந்து அடைத்துவிட்டால், அந்தப் பிள்ளை யாரையும் கூப்பிடாமலேயே போய்விடும்.

அதனால் ஆஸ்பத்திரி ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டது: அப்பா அம்மா இருவரும் குழாய் மாற்றக் கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு விடுவோம்.

கண்ணாடிக்காரனுக்கு இதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டுகிறவன் அவன். ஒரு தடவை பார்த்தால் போதும், கை பிடித்துக்கொள்ளும் என்று ஊரே சொல்லும். அவனும் அதை நம்பினான். நர்ஸ் பொம்மைக்குக் குழாய் மாற்றிக் காட்டியபோது கண் கொட்டாமல் பார்த்தான். பட்டாணிக்கு மாற்றியபோதும் பார்த்தான். படம் போட்ட காகிதம் ஒன்று கொடுத்தார்கள். அதை டீ குடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் வாசித்தான். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியும் தெரிந்த முகமாகச் சிரித்தது. அவன் மனைவிதான் ஓட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் எப்படித் தேறப் போகிறாள் என்று அவன் உள்ளுக்குள் நொந்துகொண்டது உண்மை.

அன்று பொம்மை செத்த பிறகு, அவன் விடாமல் மறுபடி செய்தான். சரியாக வந்தது. இன்னொரு தடவை. அதுவும் சரி. கைடை உருவும்போது அதை உயர்த்தி நர்ஸிடம் காட்டினான்.

"பார்த்தீங்களா?"

"இப்ப வரும்ணா. இப்பத்தானே செஞ்சீங்க, கை சூடா இருக்கு," என்றாள் நர்ஸ். அவனைவிட வயதில் சின்னவள். சுருட்டை முடி, தொப்பிக்குள் அடங்காமல் நெற்றியில் விழும். "நாளைக்கு என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

நாளைக்கு என்ன ஆயிற்று என்றால், அவன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேக்கைப் பிட்டு வாயில் போடப் போகும்போது, நர்ஸ் எங்கிருந்தோ வந்து மடியில் பொம்மையையும் மாற்றுக் குழாய்ப் பையையும் வைத்தாள். குழாய் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"வெளிய வந்துருச்சு. செய்ங்க."

"இங்கயா? கை கழுவ வேணாமா, மேஜை..."

"நேரம் ஓடுது."

கேக் ஒரு பக்கம் விழுந்தது. பையைத் திறந்தான். எது முதலில்? பொம்மையின் தோளுக்குக் கீழே சுருட்டி வைக்கும் மஞ்சள் துவாலையை அவன் கை தேடியது. அந்த அறையில் அது எப்போதும் மேஜையின் இடது மூலையில் இருக்கும். இங்கே இடது மூலையில் சுவர்தான் இருந்தது. துவாலை இல்லாமல் அடுத்தது என்ன என்பதே ஓடவில்லை. அவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் பொம்மையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லாம கொள்ளாம வந்து கேட்டா எப்படி சிஸ்டர்?" அவனுக்குக் கோபம் வந்தது.

"குழாய் சொல்லிட்டா வரும்?"

அந்த ஒரு கேள்வியில்தான் பயம் உள்ளே இறங்கியது. ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டது போல உடம்போடு ஒட்டிக்கொண்டது. அன்று முழுக்க அவன் காகிதத்தை வாசித்தான். தெரிந்ததுதான். எல்லாம் தெரிந்ததுதான். சாயங்காலம் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காகிதத்தின் மேல் தன் உள்ளங்கையை விரித்து மூடினாள்.

"இப்ப சொல்லுங்க."

முதல் மூன்றும் வந்தன. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. சுவரில் முட்டியது போல நின்றான்.

"இவ்வளவு நேரம் அதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்," என்றான். குரல் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது.

"படிக்கிறப்ப காகிதம்தாண்ணா சொல்லுது. நீங்க தலையாட்டுறீங்க, அவ்வளவுதான். மூடி வச்சிட்டு நீங்களா தோண்டி எடுக்கணும். வரலைன்னா வலிக்கும். அந்த வலிதான் வேணும். வராத இடம் எதுன்னு தெரிஞ்சாத்தானே அங்க போய் பார்க்க முடியும்?"

பஸ்ஸில் திரும்பும்போது அவன் மனைவியிடம் சொன்னான், "எனக்குத்தான் ஒரு தடவை பார்த்தா வந்துருமே. இது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள், "கண்ணாடி வெட்டக் கத்துக்கிட்டப்ப எவ்வளவு உடைச்சீங்க?"

அவன் யோசித்தான். கோணி கோணியாக உடைத்திருந்தான். விரல் கிழிந்து கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போய் உடைத்திருந்தான். அதெல்லாம் எப்படியோ மறந்து, ஒரு தடவை பார்த்துக் கற்றுக்கொண்டதாக மட்டும் மனசில் தங்கிவிட்டது. ஆனால் கண்ணாடி உடைந்தால் பெருக்கிக் கொட்டிவிட்டு இன்னொன்றை எடுக்கலாம். அதற்கு மேல் அவன் நினைக்கவில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

மனைவியோ வேறு மாதிரி கற்றாள். நர்ஸைக் கேள்வி கேட்டே கொன்றாள். "தோளுக்குக் கீழ ஏன் துணியைச் சுருட்டி வைக்கணும்?" "அப்பத்தான் தலை பின்னால சாயும், கழுத்து நீளும், ஓட்டை வாயைத் திறக்கும்." "திறக்கலைன்னா?" "தோல் மடிஞ்சு மூடிக்கும். தள்ளினீங்கன்னா வேற பக்கம் போயிரும்." "பையில ஏன் ரெண்டு குழாய், ஒண்ணு சின்னதா?" "ஓட்டை சீக்கிரமா சுருங்கிரும். அதே சைஸ் போகலைன்னா சின்னதுதான் உயிரு." பக்கத்தில் நின்று காதில் வாங்கிய கண்ணாடிக்காரன் ஒரு தடவைகூட இப்படி ஏன் என்று கேட்டதில்லை. படத்தில் துணி இருந்தது, அதனால் துணியை வைத்தான். ஏன் என்று தெரியாதது எல்லாம் பதற்றத்தில் முதலில் உதிர்ந்துவிடுகிறது என்பதை அவன் பொம்மையின் செலவில் கண்டுகொண்டான். அந்தப் பொம்மை அவன் கையில் மேலும் பல தடவை செத்தது. மனைவி கையிலும் செத்தது. கடைசியில் ஒரு நாள் இரண்டு பேர் கையிலும், பெஞ்சிலும் தரையிலும் மாடிப்படியிலும், அது சாகாமல் இருந்தது. பிறகு பட்டாணிக்கே மாற்ற வைத்தார்கள். அதை முடித்துவிட்டு அவன் மனைவி கழிவறையில் போய் வெகுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் பழைய பொம்மை ஒன்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். "தினமும் செய்ய வேணாம்," என்றாள். "கொஞ்சம் மறக்க விடுங்க. பாதி மறந்தப்ப மறுபடி செய்ங்க. ஒரே இடத்துல செய்யாதீங்க. முக்கியமா, நீங்க எதிர்பார்க்காதப்ப வேற யாராவது கேட்கணும்."

அந்த வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மனைவியின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறவன். அடுத்த தெருவில் வீடு. வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அக்காவும் மாமாவும் படுகிற பாட்டைப் பார்த்து அவனே முன்வந்தான். "பயமுறுத்தணும், அவ்வளவுதானே? அதுக்குத்தான் மாமா நான் பொறந்திருக்கேன்."

சொன்னபடியே செய்தான். கீழே பட்டறையில் கண்ணாடிக்காரன் கண்ணாடியில் கோடு கிழித்துக்கொண்டிருப்பான். வாசலில் கார் நிற்கும். பொம்மை மேஜைமேல் வந்து விழும். "வெளிய வந்துருச்சு மாமா!" முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருப்பான், கதவு தட்டப்படும். "வெளிய வந்துருச்சு மாமா!" போதாததற்குத் துவாலையை ஒளித்து வைப்பான். துவாலை இல்லை என்றால் செய்தித்தாளைச் சுருட்டு, அதுவும் இல்லை என்றால் சட்டையைக் கழற்று என்பான். ஒரு நாள் கண்ணாடிக்காரன் பனியனோடு தெருவில் மண்டியிட்டுப் பொம்மைக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, மற்றவர்களுக்கு. கண்ணாடிக்காரனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே அடிவயிறு ஜில்லிட்டது. வாசலில் எந்தக் கார் நின்றாலும் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பொம்மையை எடுத்துச் சுவரில் எறிந்துவிட்டான்.

"போதும். எனக்கு வரும். ஆயிரம் தடவை செஞ்சாச்சு. அந்தப் பய கத்துறதைக் கேட்டாலே வயிறு கலங்குது."

மனைவி பொம்மையை எடுத்துத் தூசி தட்டினாள். அவள் பேக்கரியில் வேலை செய்கிறவள். விடியும் முன்னே கிளம்பிப் போய் மத்தியானம்தான் வருவாள். அதுவரை பட்டாணி இவன் பொறுப்பு. "கலங்கட்டும்," என்றாள். "அன்னிக்கும் கலங்கத்தான் போகுது. கலங்கின வயித்தோட செஞ்சு பழகுங்க."

"அன்னிக்குன்னு ஏன் சொல்றே? வராமலே போகலாம்ல?"

அவள் பட்டாணியின் கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரலை விட்டு, இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மாதங்கள் போயின. பட்டாணி நடக்கத் தொடங்கினாள். கையில் கிடைத்ததைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். டப்பா மூடி, பையின் ஜிப், அப்பாவின் சட்டைப் பொத்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததே ஒரு பயமாக இருந்தது. ஏதோ ஒன்று மூலையில் நின்று இவர்கள் அசர நேரம் பார்ப்பது போல.

அவர்கள் அசந்த நேரம் ஒரு முற்பகல். மாதாந்திரப் பரிசோதனைக்காக மச்சினனின் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. மேம்பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பட்டாணி பின்சீட்டில் குழந்தை நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அப்பா. மச்சினன் முன்னால் நின்ற லாரியைத் திட்டிக்கொண்டிருந்தான். பாலத்தை ஒட்டிப் புதிதாக ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. தொழில் புத்தி யாரை விட்டது? எவன் பொருத்தினானோ, ஒரு சட்டம் சற்றே கோணலாக நிற்கிறதே என்று கண்ணாடிக்காரன் எட்டிப் பார்த்தான். ஒரே ஒரு பார்வைதான்.

திரும்பியபோது பட்டாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று முதலில் தோன்றியது. வாய் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே, இரண்டு எலும்புக்கு நடுவில், தோல் உள்ளே குழிந்து குழிந்து இழுத்தது. குழாய் அவள் சட்டையின் மேல் கிடந்தது. பட்டை ஒரு பக்கம் தொங்கியது. காருக்குள் வேறு எந்த மாற்றமும் இல்லை. வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் அப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சொல்கூட உள்ளே இல்லை. படித்தது, மூடி வைத்துத் தோண்டியது, செய்தது எல்லாம் யாரோ துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதோ, இப்படித்தான் நடக்கும் என்று மட்டும் எங்கேயோ ஒரு குரல் சொன்னது. அவன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனால் பிறகு ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

மச்சினன் தற்செயலாகப் பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான்.

"மாமா! வெளிய வந்துருச்சு மாமா!"

அதே வார்த்தை. அதே குரல், ஆனால் இந்தத் தடவை அதில் விளையாட்டு இல்லை. கண்ணாடிக்காரனின் அடிவயிறு வழக்கம்போல் ஜில்லிட்டது, ஜில்லிட்ட அந்தக் கணத்திலேயே கைகள் எழுந்துவிட்டன. பெல்ட்டை அவிழ்த்தன. பிள்ளையைத் தூக்கிச் சீட்டில் மல்லாத்தின. பையின் ஜிப்பைக் கிழித்தன. அவன் வாய் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தது, "குழாய் எடு, கைடு உள்ள இருக்கா பாரு, இருக்கு, ஓட்டைக்கு நேரா வை, வளைவு கீழ..."

போகவில்லை.

பட்டாணி உடம்பை முறுக்கினாள். உதடு சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அவன் தள்ளினான். போகவில்லை. இன்னும் அழுத்தினால் போய்விடும் என்று கை துடித்தது. மடிஞ்சு மூடிக்கும், தள்ளினா வேற பக்கம் போயிரும். அப்போதுதான் தோள் ஞாபகம் வந்தது. துணி வைக்கவே இல்லை! துவாலை எங்கே என்று அவன் தேடவில்லை. துவாலை இல்லாமல் இருப்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. காலடியில் கிடந்த மழைக்கோட்டை ஒரே சுருட்டாகச் சுருட்டி அவள் தோளுக்குக் கீழே திணித்தான். தலை பின்னால் சாய்ந்தது. கழுத்து நீண்டது. ஓட்டை தெரிந்தது. ஆனால் அதற்குள் அது சுருங்கிப் போயிருந்தது. குழாய் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"சின்னது," என்றான் உரக்க. யாரிடம் சொன்னானோ. "சின்னதை எடு."

மச்சினன் காரைவிட்டு இறங்கி, பாலத்தின் நடுவில் நின்று, முன்னால் இருந்த வண்டிகளின் முதுகில் அறைந்து வழி கேட்டுக் கதறிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரன் சின்னக் குழாயை வைத்தான். முறுக்கிக்கொண்டிருந்த பட்டாணி இப்போது முறுக்கவில்லை. கை சீட்டிலிருந்து நழுவித் தொங்கியது. அது அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. குழாய் ஒரு கணம் தயங்கிவிட்டு, மெல்ல உள்ளே இறங்கியது. கைடை எப்போது உருவினான் என்று அவனுக்கே தெரியாது; அது பல்லுக்கு நடுவில் இருந்தது.

ஒன்றும் இல்லை.

குழாய் வாயில் கன்னத்தை வைத்தான். ஒன்றும் இல்லை. "பட்டாணி," என்றான். "ஏ பட்டாணி. அம்மாடி." நெஞ்சைத் தேய்த்தான். கன்னத்தில் ஏதோ பட்டது; ஊதிய மாதிரிகூட இல்லை, ஒரு கூச்சம். பிறகு இன்னொன்று. பிறகு அவள் உடம்பு தூக்கிப் போட்டது; ஒரு பெரிய இருமல்; இளஞ்சிவப்புச் சளி அவன் கண்ணிலும் மூக்கிலும் தெறித்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு விரலால் குழாயை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் சளி உறிஞ்சும் இயந்திரத்தைத் தேடினான். உதட்டுக்கு நிறம் திரும்பியது. அவள் அவனைப் பார்த்து, முகத்தைக் கோணி, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

பட்டையை மாட்டிய பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேறு ஒருவர் பிள்ளையை வாங்கிக்கொள்ளும்வரை எடுக்கவில்லை. வாங்கிக்கொண்ட பிறகு அந்த விரல் நிமிர மறுத்தது.

டாக்டர் பார்த்தார். பழைய அளவுக் குழாயை மாட்டினார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். பட்டாணி பிஸ்கெட் வேண்டும் என்று கைகாட்டினாள். கண்ணாடிக்காரன் வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தான். மச்சினன் தரையில் உட்கார்ந்திருந்தான். கடைசியில், "கத்துனேனே தவிர எனக்குச் செய்யத் தெரியாது மாமா," என்றான். "இவ்வளவு நாளும் பொம்மையைத் தூக்கிப் போட்டேனே, ஒரு தடவைகூட நான் செஞ்சு பார்க்கலை. நீங்க அந்த நேரத்துல இல்லாம நான் மட்டும் இருந்திருந்தா?"

கண்ணாடிக்காரன் அவன் தலையில் கையை வைத்தான்.

சுருட்டை முடி நர்ஸ் வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, "முதல்ல இருந்து சொல்லுங்கண்ணா," என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான். ஞாபகம் மாறிடறதுக்கு முன்னால."

அவன் சொன்னான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததைச் சொன்னான். துணி வைக்காமல் தள்ளியதையும் சொன்னான். நர்ஸ் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. "அடுத்த தடவை தோள் முதல்ல," என்றாள்.

அடுத்த தடவை. அந்தச் சொல் அவன் காதில் விழுந்து எங்கேயும் தங்காமல் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

மனைவி பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். முழங்கைவரை மாவு. மகளைத் தூக்கிக் கழுத்தில் முகம் புதைக்கப் போய், குழாய் இருப்பதால் தலையில் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கி அடங்கியது. பிறகு நிமிர்ந்தாள். அவளுக்கே உரிய கேள்வி வந்தது.

"பட்டை எப்படி அவுந்துச்சு?"

டாக்டர் கழற்றிக் கொடுத்திருந்த பட்டையைக் கண்ணாடிக்காரன் அவளிடம் நீட்டினான்.

"நான் கிளம்பறதுக்கு முன்னால நாம ரெண்டு பேருமாத்தானே மாத்தினோம்? புதுப் பட்டை. விரல் விட்டுப் பார்த்தேன். இருமினதுக்கு எல்லாம் அவுழாது. ஏன் அவுந்துச்சு?"

கண்ணாடிக்காரன் யோசித்தான். தான் கட்டடத்தைப் பார்த்ததும் திரும்பியதும் மட்டுமே நினைவில் இருந்தன. நடுவில் இருந்தது அவனிடம் இல்லை. நர்ஸ் அந்தப் பட்டையை வாங்கி, ஒட்டும் முனையைத் தடவிப் பார்த்தாள். பிடிப்பு போகவில்லை, நூல் பிரியவில்லை. பட்டையில் ஒரு குறையும் இல்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கிர்ர்ரக்.

எல்லோரும் திரும்பினார்கள். பட்டாணி தொட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் பிஸ்கெட். மறு கை கழுத்துக்குப் பின்னால் போயிருந்தது. புதிதாக மாட்டிய பட்டையின் முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்வி, அவள் சற்றே இழுத்திருந்தாள். இழுத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. முனையை மறுபடி ஒட்டினாள், மறுபடி இழுத்தாள்.

கிர்ர்ரக்.

நர்ஸ் பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்காரன் நாட்களைப் பின்னோக்கி எண்ணினான். எத்தனை நாளாக? நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டிலில் படுத்து, இவர்கள் கண் மறைந்த ஒவ்வொரு விநாடியிலும், முனை எங்கே இருக்கிறது என்று தடவி, நழுவி, மறுபடி பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக... யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கேட்கவில்லை. இவர்கள் உயிரைக் காக்கப் பழகிக்கொண்டிருந்த அதே வீட்டில், அவளும் பழகியிருக்கிறாள்.

"அவளுக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருக்கு," என்றாள் மனைவி மெதுவாக. மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவ கையால வர்ற சத்தம்ல. அவகிட்ட வேற சத்தம் ஏது?"

நர்ஸ் ஒட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டு, துணிநாடாவைக் கொண்டுவந்தாள். மனைவி குழாயைப் பிடித்துக்கொள்ள, பிடரியில் இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டினாள். இனி இதுதான், முடிச்சை அவிழ்க்க இந்த வயதுக்கு வராது என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நம்பாதவள் போலச் சற்று நின்றாள்.

கண்ணாடிக்காரன் தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான். பட்டாணி அவனைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். பிஸ்கெட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஈர விரல்கள் இரண்டும் மெல்லப் பின்னால் போயின. நாடாவைத் தொட்டன. முடிச்சு எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தன.